மூன்று தடவை தூக்கிய பன்றி

தெபோராவின் அப்பா அந்தப் பன்றியைத் தூக்கியது மொத்தம் மூன்று தடவை. அவள் எடுத்த படத்தில் இருப்பது ஒரு தடவைதான். மிச்சமெல்லாம் ஒரு ஹார்ட் டிரைவில், சமையலறை இழுப்பறைக்குள், ரப்பர் பேண்டுகளுக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் நடுவே கிடந்தது.

அப்பாவின் பெயர் ஃபலானிகோ. வயது ஐம்பத்திரண்டு. இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் பிரிவில் பத்தொன்பது வருஷம் கத்தி பிடித்தவர். அங்கே யார் வாயிலும் அந்தப் பசிபிக் தீவுப் பெயர் நுழையாததால் ஃப்ராங்க் ஆகிவிட்டார். போன நவம்பரில் கொக்கியிலிருந்து நழுவிய மாட்டுத் தொடையைத் தோளால் தாங்கப் போய், ஈரத் தரையில் சறுக்கி, அதையும் சுமந்தபடியே விழுந்தார். முதுகில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னது. ஆபரேஷன் செய்தால் நிமிர்ந்து நடக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி சரி என்று சொல்ல வேண்டும். அது சொல்லும்வரை லைட் டூட்டி: அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. ஒரு மணி நேரம் நின்றால் இடது கால் மரத்துப்போகும். உட்கார்ந்தால் அதைவிட மோசம். அதனால் வீட்டில் சாப்பாடு, டி.வி., தூக்கம் எல்லாமே தரையில் படுத்தபடிதான்.

குட்னா புறநகரில் அவர்கள் குடியிருந்த தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் நர்சிங். தெபோரா ஊடகத் தொடர்பியல் படிப்பதை சர்ச்சில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

"டி.வி.யில வருவியாடி?" என்று அத்தை கேட்டாள்.

"வரமாட்டேன் அத்தே. வர்றவங்கள எடுப்பேன்."

"அதுக்கு மூணு வருஷமா? என் போனே எடுக்குதே!"

பள்ளி லீவில் இரண்டு கோடைகாலம் தெபோராவும் அதே தொழிற்சாலையில் ஈரல், குடல் பெட்டியில் அடைத்திருக்கிறாள். கையுறைக்கு மேல் கையுறை போட்டும் விரல் நுனி நீலமாகும் குளிர் அது. இருபது வருஷமாக அந்தக் குளிரில் நிற்கிற பெண்களின் விரல்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்தக் கதவுக்கு வெளியே போக அவளுக்குத் தெரிந்த வழி இந்தப் பட்டம் ஒன்றுதான். அதோடு ஒரு வேலையும் தயாராக இருந்தது. டூவூம்பா பக்கம் ஒரு டி.வி. நிலையம், பிப்ரவரியில் வந்து சேர், பட்டத்தோடு வா என்று எழுதியிருந்தது.

கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். எட்டு நிமிஷம். அதில் தேறாமல் பட்டம் கிடையாது.

"உன் வீட்டுக் கதைய எடு தெபோரா," என்றாள் விரிவுரையாளர் கார்லா. "வேற யாராலயும் எடுக்க முடியாதது அதுதான்."

வகுப்பிலிருந்த பல் டாக்டர் மகனிடம் கார்லா அப்படிச் சொல்லவில்லை. அவன் அலைச்சறுக்கைப் பற்றி எடுத்தான்.

தெபோரா ஞாயிற்றுக்கிழமை உமுவை எடுத்தாள். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் பன்றியும் சேம்பங்கிழங்கும் வைத்து, வாழையிலை போட்டு மூடிச் சமைப்பது. கல் அடுக்குவதும் பன்றி தூக்குவதும் இளவட்டங்களின் வேலை. பெரியவர் உட்கார்ந்து அவர்களை வைய வேண்டும். முதுகு நன்றாக இருந்திருந்தாலும் அப்பா உட்கார்ந்துதான் இருந்திருப்பார். இப்போது ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்து, பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்று வைதார்.

படத்தொகுப்பின் முதல் வெட்டைப் பார்த்த கார்லா பென்சிலைக் கடித்தாள். "எல்லா ஷாட்லயும் உங்கப்பா சும்மாவே இருக்காரே. படமே அவரப் பத்திதான. ஆனா அவர் ஒண்ணும் செய்யல."

"முதுகு சரியில்ல அவருக்கு."

"ஓ. சரி, அப்ப ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் கழித்து, "அந்தத் தோளும் கையும்தான் படம். அது வேலை செய்றத ஒரு தடவ பார்த்துட்டா நல்லா இருக்கும்," என்றாள்.

அவ்வளவுதான். தூக்கச் சொல் என்று அவள் சொல்லவில்லை. பிற்பாடு தெபோரா அந்தப் பேச்சை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கார்லா தலையில் பழியைக் கட்ட அதில் இடமே இருக்கவில்லை.

படத்தைத் தரும் முன்பு அப்பாவிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் தரையில் மல்லாந்தபடி அதை முகத்துக்கு மேலே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "'பிரபஞ்சம் முழுவதும், எக்காலத்துக்கும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லாக் கருவிகளிலும்...' ஏம்மா, செவ்வாய்க் கிரகத்துல இருக்கறவன்கூட என் பன்னியப் பாப்பானா?"

"எல்லாப் படிவத்துலயும் அப்படித்தாம்பா இருக்கும்."

"பாக்கட்டும். பசியில சாவட்டும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் பதினொன்று. அங்கே அது குளிர்காலம், பேச்சோடு புகை வருகிற குளிர். பன்றி, சித்தப்பா பெலெனாத்தோவின் வண்டியில் இருந்தது. முப்பத்தெட்டு கிலோ. தெபோரா அப்பாவின் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டிவிட்டாள்.

"வண்டியிலேருந்து குழி வரைக்கும்தாம்பா. பத்தடி. தோள்ல வெச்சுக் கொண்டாந்து போட்டாப் போதும்."

அப்பா வண்டியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். தூரத்தை அளக்கிற பார்வை அது. தெபோராவும் அதைக் கவனித்தாள்.

"அண்ணே, சினிமாக்காரங்க கூப்பிடறாங்க, எந்திரி!" என்றார் சித்தப்பா. கல் அடுக்கிய பையன்கள் சிரித்தார்கள்.

அம்மா லோசா சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினாள். "என்னடி பண்றே அவர?"

"நீ சும்மா இரு லோசா. இது அவ படிப்பு," என்றார் அப்பா.

முதல் தடவை ஃபோகஸ் போய்விட்டது. இரண்டாம் தடவை சரக்கு ரயில் ஒன்று போய்த் தொலைத்தது. நாற்பது பெட்டி, சத்தம் ஓயவே இல்லை. பையன்கள் பன்றியை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். அப்பாவின் மேலுதடு வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"இன்னும் ஒரே ஒரு தடவப்பா. முகத்த அப்படி வெச்சுக்காதீங்க. சாதாரணமா வாங்க."

மூன்றாம் தடவை அப்பா சாதாரணமாக வந்தார். வெயில் அப்போதுதான் வேலிக்கு மேலே ஏறி அவர் தோளில் விழுந்தது. முகம் கல் மாதிரி அமைதி. பன்றியை இலைமேல் இறக்கினார், நிமிர்ந்தார், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்து போய்விட்டார்.

தெபோரா காமிராவை நிறுத்த மறந்துவிட்டாள். அதற்கப்புறம் நாலு நிமிஷம் படத்தில் ஆள் கிடையாது. பன்றி, இலை, புகை. ஆனால் மைக் அப்பா சட்டையில் இருந்தது. அவர் நாலு காலில் விழுந்து மூச்சு இழுப்பது, பல்லுக்குள் முனகுவது, "லோசாகிட்ட சொல்லாத" என்று சித்தப்பாவிடம் கெஞ்சுவது, எல்லாம் காதுக்குள் பேசுவது போலத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலைக்குச் சளிக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் போகவில்லை.

படத்தோடு ஓர் உறுதிமொழித் தாளும் தர வேண்டும். 'இதில் எந்தக் காட்சியும் சொல்லிச் செய்ய வைத்ததல்ல. நடந்ததை நடந்தபடி எடுத்தேன்.' தெபோரா கையெழுத்துப் போட்டாள். வகுப்பில் எல்லோரும்தான் போட்டார்கள். அலைச்சறுக்குப் பையன் அவன் ஆளை ஆறு தடவை கடலில் இறக்கினான்.

அவள் படத்துக்குத்தான் அந்த வருஷத்தின் அதிக மதிப்பெண், ஒரு பரிசும்கூட. திரையிட்ட அன்று அப்பா சர்ச் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றே பார்த்தார். உட்காரச் சொல்லி மூன்று பேர் நாற்காலி கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று கார்லா சொன்னாள்.

அந்த வாரமே பல்கலைக்கழகம் படத்திலிருந்து நாற்பது விநாடியை வெட்டி, 'நம் பசிபிக் குடும்பங்களின் வலிமை' என்று தலைப்பு வைத்துத் தன் பக்கத்தில் போட்டது. அப்பா, தோள், பன்றி, வெயில். லட்சம் பேர் பார்த்தார்கள். லட்சத்தில் ஒருவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன்.

அக்டோபர் கடைசியில் கடிதம் வந்தது. ஆபரேஷன் பரிசீலனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வீடியோ ஒன்று சம்பந்தமாக நேரில் வரவும்.

தெபோரா பல்கலைக்கழகத்தின் விளம்பர அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவள் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவள், அதே படிப்பு.

"எடுத்துடலாம்தான். ஆனா நானூறு பேர் ஷேர் பண்ணிட்டாங்க. அதெல்லாம் நம்ம கையில இல்ல. உங்கப்பா படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்காரில்ல?"

"போட்டிருக்காரு."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை வராது," என்றாள் அவள், தைரியம் சொல்வதாக நினைத்து.

யூனியனிலிருந்து ஷெரில் வந்தாள். அறுபது வயசு, சிகரெட் குரல், அவளும் ஒரு காலத்தில் அதே தொழிற்சாலையில் குடல் கழுவியவள். தரையில் கிடந்த அப்பாவுக்குப் பக்கத்தில் அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளு ஃப்ராங்க். மூணு டாக்டர் ரிப்போர்ட் நம்ம பக்கம் இருக்கு. பிப்ரவரி ஸ்கேன் இருக்கு. நீ சொல்ல வேண்டியது ஒண்ணுதான். ஒரு நாள், ஒரு தடவ, பத்தடி. பொண்ணு படத்துக்காகப் புத்திகெட்டுப்போய்ச் செஞ்சேன். அதோட வாய மூடிக்கோ."

"பொண்ண எதுக்கு இழுக்கணும்? அன்னிக்கு உடம்பு நல்லா இருந்துச்சு, தூக்கினேன். அவ்வளவுதான்."

"அடேய் மடையா. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாத!" ஷெரில் தெபோராவிடம் திரும்பினாள். "வேற எதாவது எடுத்து வெச்சிருக்கியா? படத்துல வராதது?"

இழுப்பறை நாலடி தூரத்தில் இருந்தது.

"இல்ல," என்றாள் தெபோரா.

மூன்று தடவை தூக்கவைத்தது வெளியே வந்தால் உறுதிமொழி பொய், படம் செல்லாது, பட்டம் இல்லை, டூவூம்பா இல்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தரையில் கிடந்தது. பத்து நாள் இரண்டுக்கும் நடுவே கிடந்து புழுங்கினாள். ரயிலில் பக்கத்தில் இருப்பவன் போனைத் தடவினால்கூட அப்பா பன்றியோடு வந்துவிடுவாரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பில் கார்லா மூன்று வருஷமாகச் சொல்லிவந்த ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றியது: வெட்டியது பொய் சொல்லும், வெட்டாதது பொய் சொல்லாது. நாலு நிமிஷ முனகலைக் கேட்டால் எந்த மனுஷன் ஆபரேஷன் வேண்டாம் என்பான்?

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற அன்று காலை ஹார்ட் டிரைவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கொடுப்போமா மாட்டோமா என்று அவளுக்கே தெரியாது.

இன்சூரன்ஸ்காரன் பெயர் பிரெண்டன். நல்ல மாதிரிதான் பேசினான். தண்ணீர் கொடுத்தான், அப்பா நிற்கலாம், நடக்கலாம் என்றான். அப்புறம் லேப்டாப்பைத் திருப்பி அந்த நாற்பது விநாடியை ஓட்டினான். ஒரு தடவை முடிந்ததும் மறுபடி ஓட்டினான்.

"இது நீங்கதான ஃப்ராங்க்?"

"நான்தான்."

"வலி இருந்துச்சா அப்ப?"

ஷெரில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தெபோராவைப் பார்த்தார். "இல்ல. அன்னிக்கு நல்லா இருந்துச்சு."

ஷெரில் மூக்கால் மூச்சு விட்டாள். பிரெண்டன் வீடியோவை அப்பாவின் முகத்தில் நிறுத்தினான். திரை முழுக்க முகம். வெயில் பட்ட, கல் மாதிரி அமைதியான முகம்.

"நானும் அதத்தான் பார்க்கறேன் மேட். இந்த முகத்துல வலியே இல்ல."

அது அவள் கேட்டு வாங்கிய முகம்.

"நான்தான் அப்படி வெச்சுக்கச் சொன்னேன்," என்றாள் தெபோரா. "வலி இருந்துச்சு. மேலுதடெல்லாம் வேர்த்துப்போச்சு. நான்தான் தூக்கச் சொன்னேன். அவர் தானா தூக்கல. முழுசும் எங்கிட்ட இருக்கு, வெட்டாதது. கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் என்னாச்சுன்னு கேட்டுப் பாருங்க!"

மேஜைக்கு அடியில் ஷெரிலின் ஷூ அவள் கணுக்காலில் பலமாக இடித்தது. நிறுத்த முடியவில்லை. டிரைவ் மேஜைமேல் இருந்தது. அப்பா, "தெபோரா," என்றார், அவ்வளவுதான்.

பிரெண்டன் ஹெட்போனில் கேட்டான். கேட்டு முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் இளகியது. நிஜமாகவே இளகியது. கழற்றி வைத்துவிட்டு, "கஷ்டமா இருக்கு," என்றான். "எத்தன தடவ தூக்கினாரு?"

"மூணு."

லேப்டாப்பில் தட்டினான். "மூணாவது தடவைக்கு அப்புறம்தான் விழுந்தாரு."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி இந்த மாதிரி விழுந்து எழுந்திருக்க முடியாம இருந்ததே இல்லயா?"

"இல்ல, அன்னிக்குத்தான்..."

"ஆகஸ்ட் பதினொண்ணு. உங்க வீட்டுல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஷெரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிரெண்டன் தட்டிக்கொண்டே இருந்தான், நிதானமாக, எழுத்துப்பிழை வராமல்.

பார்க்கிங்கில் ஷெரில் சிகரெட்டைப் பற்றவைத்தாள். "தொழிற்சாலையில பட்ட அடின்னு பத்து மாசமா நிரூபிச்சு வெச்சிருந்தேன். இப்ப வீட்டுல பன்னி தூக்கி ஒடைச்சுக்கிட்டாருன்னு எழுதுவான். ஒலியோட ஆதாரம். எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

ஷெரில் சிகரெட்டைப் பாதியில் மிதித்துவிட்டுப் போனாள்.

அப்பா பின்சீட்டில் படுத்து, இரண்டு பாதத்தையும் ஜன்னல் கண்ணாடியில் முட்டுக்கொடுத்திருந்தார். நெடுஞ்சாலையில் முன்னால் எங்கோ விபத்து. வண்டிகள் நகரவில்லை.

"மூணாவது தடவ நல்லா வந்துச்சில்ல?" என்றார் பின்னாலிருந்து.

"ஆமாப்பா."

"நெனச்சேன்."

முடிவு பதினெட்டு நாளில் வந்தது. தற்போதைய நிலைக்குக் காரணம் வீட்டில் ஏற்பட்ட புதிய காயம். ஆபரேஷன் செலவை ஏற்க இயலாது. ஷெரில் மேல்முறையீடு போட்டாள். ஒரு வருஷமாகலாம், இரண்டும் ஆகலாம் என்றாள். அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்தார்கள். அங்கேயும் வரிசை நீளம்.

டிரைவ் இன்சூரன்ஸ் கோப்பில் ஏறிவிட்டதால் தெபோரா தானே கார்லாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். குழு கூடியது. படத்துக்குப் பூஜ்யம். ஒரே ஒரு வாய்ப்பு: மூன்று வாரத்தில் வேறு படம். இல்லையென்றால் இன்னொரு வருஷம். டூவூம்பாக்காரர்கள் ஜனவரி முடியும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

"மூணு வாரத்துல புதுசா ஆளத் தேடிப் பழகி எடுக்க முடியாது," என்றாள் கார்லா. அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "நடந்ததையே எடு தெபோரா. நீ கேட்டது, அவர் தூக்கினது, இப்ப அவர் கிடக்கறது. ஒளிக்காம. உன்னால மட்டும்தான் அத எடுக்க முடியும்."

இது இரண்டாம் தடவை.

டிசம்பர் புழுக்கம். அப்பா சட்டையோடு டைல்ஸ் தரையில் கிடந்தார், குளிர்ச்சிக்காக. தெபோரா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள், நீட்டாமல்.

"கொடு," என்றார்.

"வேணாம்பா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷம்வரைக்கும் என்ன பண்ணுவே? ஈரல் அடைக்கப் போவியா? கொடுன்னா."

மல்லாந்தபடி எழுதப் பார்த்தார். பேனா தலைகீழாக எழுத மறுத்தது. உதறினார். எழுதவில்லை. முழங்கையை ஊன்றி மெதுவாக ஒருக்களித்துத் திரும்பினார். அதற்கு ஒரு நிமிஷம் ஆனது. தெபோரா உதவப் போனாள், கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

"மறுபடியும் பிரபஞ்சம் பூராவா?"

"ஆமாப்பா."

"செவ்வாய்க்காரன் சலிச்சுப்போவான்." கையெழுத்துப் போட்டார். "இந்தத் தடவ தூக்க ஒண்ணுமில்ல. இப்படியே கிடக்கறேன், எடுத்துக்கோ."

தெபோரா முக்காலியைத் தரையோடு தாழ்த்தி வைத்தாள். மைக்கை அவர் காலரில் மாட்டினாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரைச்சல் வரக்கூடாது என்று ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, வெளியே போனாள். வீட்டில் காற்று நின்றது. ஹெட்போனில் அப்பாவின் மூச்சு வந்தது, தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்த அதே மூச்சு.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா காமிராவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"சொல்லும்மா," என்றார். "மூஞ்சிய எப்படி வெச்சுக்கணும்?"